வாசலில் கிடந்த தாளம்

மோரியோ காலால் அழுத்தியது ஒரு சின்ன இரும்புப் பெட்டியைத்தான். அழுத்தியவுடன் மினி லாரியின் மேல் கட்டியிருந்த ஒலிபெருக்கி, வயிற்றுவலி வந்த யானைபோல் ஒரு பிளிறு பிளிறியது. ஜெனரேட்டர் இருமியது. அப்புறம், செத்தவர்கள் வீட்டுக்கு வந்து போகிற முன்னோர் பண்டிகையின் முதல் நாள் மாலையில், அகரிதா தெருவில் இதுவரை யாரும் கேட்டிராத ஒன்று கேட்டது. லாரியிலிருந்து ஒன்றுமே கேட்கவில்லை என்பதுதான் அது.

அதுவும் எந்த நேரத்தில்! சந்து முனையில் இரிபாரு தெருக்காரர்கள் மூக்கோடு மூக்கு உரசுகிற தூரத்தில் வந்து நின்றிருந்தார்கள். இரண்டு தெருக்களின் எய்சா என்கிற முரசாட்டக் குழுக்கள் ஊர்வலத்தில் எதிரெதிரே சந்தித்துவிட்டால் யாரும் ஒதுங்கிப் போவதில்லை. அங்கேயே நின்று அவரவர் பாட்டை அவரவர் முரசில் அடித்துப் பாடுவார்கள். எதிராளியின் தாளம் காதுக்குள் புகுந்து யார் கை முதலில் தடுமாறுகிறதோ, அவர்கள் தோற்றார்கள். சுவரோரம் ஒட்டி நின்று வழிவிட வேண்டும். அந்த இரைச்சலில் முரசுக்காரர்கள் பிடித்துக்கொள்வதற்கு இருப்பது ஒன்றே ஒன்று: லாரி மேல் நின்று பாம்புத்தோல் போர்த்திய சன்ஷினின் மூன்று தந்திகளை மீட்டிப் பாடுகிறவனின் குரல். அகரிதாவில் அந்தக் குரல் மோரியோவுடையது. அது அணைந்ததும் முரசுகள் ஆளுக்கொரு பக்கம் சிதறின. ஒரு பையன் பதற்றத்தில் இரிபாருவின் தாளத்தையே அடிக்க ஆரம்பித்துவிட்டான். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே அடித்தான்.

"என்னங்கடா, பாதியிலயே தூங்கிட்டீங்களா?" என்று இரிபாரு பக்கமிருந்து ஒருவன் கத்தினான்.

"அந்த லாரிக்கு யாராவது முதுகத் தட்டிவிடுங்கடா, பாவம், பொரையேறிடுச்சு!"

அகரிதா சுவரோரம் ஒதுங்கியது. இரிபாருவின் லாரி மோரியோவை உரசிக்கொண்டு கடந்தது. அதன் மேல் நின்று பாடிக்கொண்டிருந்தவள் மிசுஹோ. அவள் சிரிக்கவில்லை. பாட்டில் ஓர் எழுத்தைக்கூட விடாமல், கண்ணை மட்டும் மோரியோவின் காலடியில் கிடந்த பெட்டியின் மேல் ஒரு முறை ஓட்டினாள். அதில் ஒட்டியிருந்த கிழிந்த ஸ்டிக்கர் அவளுக்குத் தெரிந்ததுதான். அவள் புருஷன் சோஷின் ஒட்டியது.

விசாரணை ஊர்க்கூடத்தில் நடந்தது. இளைஞர் சங்கத் தலைவன் தைச்சிக்கு மோரியோவின் வயதில் பாதிதான். பொறுப்பு இரண்டு மடங்கு. முரசுக் கம்பைக் கீழே வைக்காமலே கேட்டான்.

"அண்ணே, அது என்ன பெட்டி?"

"சத்தத்தக் கொஞ்சம் முறுக்கிக் காட்டுற பெட்டி. கிடாருக்கு வெச்சுக்குவாங்க."

"நம்ம லாரில கிடார் இல்லையே?"

"சன்ஷினுக்கு மட்டும் ஆசையே வரக் கூடாதா, தம்பி?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். தைச்சி திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு இருமலாக மாறியது.

மோரியோவுக்கு இது ஒரு வியாதி. நேராகப் பேச வேண்டிய இடம் வந்தால் வாய் தானாகக் கோணிக்கொள்ளும். ஏசி பழுது பார்க்கப் போகிற வீடுகளில் அது உதவியிருக்கிறது. வேறெங்கும் உதவியதாக நினைவில்லை. சோஷினின் சாவு வீட்டில்கூட, "அவன் தாளம் தப்பினது வாழ்க்கையிலேயே இந்த ஒரு வாட்டிதான்" என்று ஒரு ஜோக் அடித்தான். யாரும் சிரிக்கவில்லை. பிறகு வெளியே போய், சுவரைப் பார்த்துக்கொண்டு நின்று, மூக்கு வழிய அழுதான். அந்த வழியாக வந்த தபால்காரர், "சுவருக்கு என்னாச்சு?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

"ஜோக்க விடுங்கண்ணே. எதுக்குக் கொண்டு வந்தீங்க?"

மோரியோ கையில் இருந்த குளிர்ந்த டீயைப் பார்த்தான். "கடைசி நாள் ஊர்வலத்துல சோஷின் வீட்டு வாசல்ல எங்க பாட்டப் பாடலாம்னு. அதுக்குத்தான் ஒத்திகை பார்த்தேன். செத்த பெறகு அவன் வீட்டுக்கு வர்ற முதல் பண்டிகை இது."

அந்தப் பாட்டு எது என்று எல்லோருக்கும் தெரியும். வெள்ளிக்கிழமைகளில், ராணுவத் தளத்தின் வாசலை நோக்கிப் போகும் தெருவில், நிலவறைக் கிளப் ஒன்றில் மோரியோவும் சோஷினும் வாசித்துவந்தார்கள். மோரியோ சன்ஷினில் மின்கம்பியைச் செருகிக் கத்துவான், சோஷின் டிரம்ஸ். அந்த ஒரு பாட்டுக்கு மட்டும் கேட்க வந்தவர்கள் மேஜைமேல் ஏறி ஆடுவார்கள். செருப்பை மறந்துவிட்டுப் போனவனைப் பற்றிய பாட்டு. அதன் தாளம் ஒழுங்காக ஓடாது; இரண்டடி வைக்கும், இழுக்கும், ஒரு குதி குதிக்கும். கிளப்பில் அதற்கு நொண்டிக் குதிரை என்று பெயர்.

"இத எங்கேருந்துடா புடிச்ச?" என்று மோரியோ எத்தனையோ முறை கேட்டிருக்கிறான்.

"வீட்டு வாசல்ல கெடந்துச்சு. எடுத்துக்கிட்டேன்," என்பான் சோஷின். ஜோக் அடிப்பவனுக்கு இன்னொருவனின் ஜோக் பிடிக்காது. மோரியோ அதற்குமேல் கேட்டதில்லை.

"அது ராக் பாட்டுண்ணே," என்றான் தைச்சி. "செத்தவங்கள வழியனுப்ப பரம்பரைப் பாட்டுதான் பாடணும். நம்ம வரிசைன்னு ஒண்ணு இருக்கு."

"வரிசைல மூணாவது பாட்டு பரம்பரையா? எங்க சித்தப்பா காதலிச்சுக்கிட்டிருந்தப்ப ரேடியோல வந்த பாட்டுடா அது! அன்னிக்கும் பெருசுங்க தலைல அடிச்சுக்கிட்டாங்க."

"இப்ப யாரும் அடிச்சுக்கலல்ல? அதுக்குப் பேருதான் பரம்பரை."

பதில் மோரியோவுக்கே பிடித்திருந்தது. அதற்காக விட்டுக்கொடுக்க முடியுமா? "அப்ப இதுக்கும் இந்த வருஷமே அடிச்சு முடிச்சுடுங்க. அடுத்த தலைமுறைக்கு வலி மிச்சம்."

"முடியாதுண்ணே."

"நான் பாடுவேன்."

"மைக் குடுத்தாத்தான?" தைச்சி பெட்டியை எடுத்துக் கூடத்து அலமாரியில் வைத்துப் பூட்டினான். "கடைசி நாள் லாரில என் சித்தி பையன் பாடுவான். நீங்க மூஞ்சில வெள்ளை பூசிக்கிட்டு சோந்தராவா வாங்க. வரிசைக்கு முன்னாடி கூத்தடிங்க. அதுக்குக் கரன்ட் வேண்டாம்."

இப்போது எல்லோரும் தாராளமாகச் சிரித்தார்கள். சோந்தரா வேலை லேசுப்பட்டதில்லை. கோமாளி மாதிரி ஆடிக்கொண்டே வரிசை கலையாமல் பார்த்துக்கொள்வதும், எந்தச் சந்தில் திரும்புவது, எங்கே நிற்பது என்று காட்டுவதும் அவன்தான். ஆனால் தைச்சி சொன்ன விதத்தில் அதெல்லாம் இல்லை. உன் மூஞ்சிக்குப் பொருத்தமான வேலை என்பதுதான் இருந்தது.

மறுநாள் மோரியோ கருவிப் பெட்டியோடு மிசுஹோ வீட்டுக்குப் போனான். ஏசி ஒழுகுகிறது என்று அவள் கோடை தொடக்கத்திலேயே சொல்லியிருந்தாள். வெறுங்கையோடு சோஷினின் படத்துக்கு முன்னால் போய் உட்கார அவனுக்குத் தைரியம் இல்லை. கையில் ஸ்பேனர் இருந்தால் மனிதன் எங்கேயும் நிற்கலாம்.

அந்த வீடு இரண்டு தெருக்களின் எல்லையில் நிற்கிறது. கதவைத் திறந்து இடதுபக்கம் துப்பினால் அகரிதா, வலதுபக்கம் துப்பினால் இரிபாரு என்பான் சோஷின். அவன் அங்கேயே பிறந்து, அகரிதாவுக்கு முரசடித்து வளர்ந்தவன். கட்டிக்கொண்டது இரிபாரு பெண்ணை. அவளும் தன் தெருவை விட்டுக்கொடுக்கவில்லை. இன்றுவரை இரிபாருவுக்குத்தான் பாடுகிறாள். பண்டிகையின் கடைசி நாளில் இரண்டு ஊர்வலமும் சொல்லிவைத்ததுபோல் அந்த வாசலில்தான் முட்டிக்கொள்ளும்.

முன்னோர் மாடத்தில் சோஷினின் படம். டிரம்ஸ் குச்சிகளைக் காதில் செருகிக்கொண்டு நாக்கை நீட்டியிருந்தான். ஒழுங்காக ஒரு படம்கூட அந்த மனிதன் எடுத்துக்கொள்ளவில்லை. முன்னால் தர்பூசணி, அன்னாசி, இரண்டு பக்கமும் கரும்புக் கழிகள். செத்தவன் திரும்பிப் போகும்போது ஊன்றிக்கொள்ள. 'நொண்டிக் குதிரைக்கு ஊன்றுகோல் பொருத்தம்தான்' என்று ஒரு ஜோக் மோரியோவின் நாக்கு நுனிவரை வந்தது. ஊதுவத்தியைப் பற்றவைத்து, அதையும் புகையோடு விழுங்கினான்.

"மிசுஹோ, ஒண்ணு கேக்கணும்."

"தண்ணி படுக்கை மேல சொட்டுது. அத மொதல்ல பாரு."

பார்த்தான். குழாயில் ஒரு பல்லி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. அதைக் காலிசெய்துவிட்டு வந்தான்.

"இப்பக் கேக்கலாமா?"

"சாப்டுட்டுக் கேளு."

பாகற்காயும் டோஃபுவும் முட்டையும் போட்டு வதக்கியது. சாப்பிட்டான். வாய் கோணிக்கொள்வதற்குள் கேட்டுவிட வேண்டும் என்று வேகமாக விழுங்கினான்.

"நாளைக்கு அந்தச் செருப்புப் பாட்ட உன் வாசல்ல நான் பாடலாமா, கூடாதா?"

மேலே தளத்து ஜெட் ஒன்று வானத்தைக் கிழித்துக்கொண்டு போனது. அது போய்ச் சேரும்வரை இருவரும் பொறுத்திருந்தார்கள். இந்த ஊரில் பேச்சுக்கு நடுவே அப்படி ஒரு இடைவெளி விடப் பழகியிருந்தார்கள். ஜெட் போனபின் மிசுஹோ சொன்னாள்:

"இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா?"

"போடலாமா கூடாதான்னு நான் சொல்லிடறேன். போடு. நான் கேட்டதுக்கு நீ சொல்லு."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பாதி திறந்த உள்அறையில், பாய்மேல் அவளுடைய சன்ஷின் கிடந்தது. மோரியோ எட்டித் தந்தியை ஒரு தட்டுத் தட்டினான். தொளதொளவென்று ஒலித்தது.

"என்ன இது, இவ்வளவு எறங்கியிருக்கு? நாளைக்கு எங்களோட மோத வேண்டியவ. குடு, சுருதி சேத்துத் தர்றேன்."

"தொடாத!"

"கடிச்சுடுமா? அந்தப் பாம்பு தோலக் குடுத்துட்டுப் போயி ரொம்ப நாளாச்சே."

அவள் சிரிக்கவில்லை. அவனைத் தாண்டிப் போய் உள்அறைக் கதவை இழுத்துச் சாத்தினாள். "குழாய் சரியாயிடுச்சில்ல? ரொம்ப தேங்க்ஸ், மோரியோ."

அதற்கு அர்த்தம் கிளம்பு என்பது. அவன் கிளம்பினான். சோஷின் மட்டும் மாடத்திலிருந்து நாக்கை நீட்டியபடி இருந்தான்.

வழியெல்லாம் மோரியோ தனக்குத்தானே வக்கீல் வைத்து வாதாடினான். அவள் கோபமாக இருக்கிறாள், சரி. ஆனால் கூடாது என்று சொல்லவில்லை. தைச்சி கூடாது என்கிறான். ஆனால் செத்தவன் தைச்சியின் நண்பன் இல்லை. அவனை அனுப்பப்போகிற பாட்டு வரிசையில் அவன் பாட்டு என்று ஒன்றுகூட இல்லை. மாநாட்டுக்கு வந்த அதிகாரியை வழியனுப்புவதுபோல் அவனை அனுப்பப்போகிறார்கள். லாரி இல்லை, மைக் இல்லை, பெட்டி இல்லை, சம்மதமும் இல்லை. தொண்டை இருக்கிறதே. அதைப் பூட்ட ஊர்க்கூடத்தில் அலமாரி கிடையாது.

கடைசி நாள். வெயில் தணிந்ததும் முரசுகள் புறப்பட்டன. மோரியோ முகம் முழுக்க வெள்ளை, கன்னத்தில் கறுப்புப் புள்ளி, கிழிந்த அரைக்கச்சை, தலையில் வைக்கோல் கயிறு. கண்ணாடியில் பார்த்தபோது, நாற்பது வருடமாக இந்த முகத்துக்குத்தான் ஒத்திகை நடந்திருக்கிறது என்று அவனுக்கே தோன்றியது. குழந்தைகள் அவனைப் பார்த்து அலறி ஓடின, பெரியவர்கள், "லாரிய விட்டு எறக்கிட்டாங்களா? ஜெனரேட்டர் எப்படி இருக்கு?" என்று அக்கறையாக விசாரித்தார்கள். அவன் பதிலுக்கு ஜெனரேட்டர் மாதிரியே இருமிக் காட்டினான். விசில் ஊதி, வரிசையை வளைத்து, கோமாளிக்குக் கொடுக்கப்பட்ட அதிகாரத்தை ஒரு துளி மிச்சம் வைக்காமல் பயன்படுத்தி, எல்லைச் சந்துக்குள் அகரிதாவைத் திருப்பினான்.

எதிர்முனையில் இரிபாருவும் திரும்பியது.

சோஷின் வீட்டு வாசலில் இரண்டு கூட்டமும் நின்றன. தைச்சியின் பெரிய முரசு நிதானமாக, கனமாக விழுந்தது: டொம்… டொம்… டொட்டொம். இரிபாருவின் சின்ன மேளங்கள் வேகமாகச் சடசடத்தன: டக்குட, டக்குட. லாரிகள் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக் குரைக்கிற நாய்கள்போல் பாடின. நடுவில் விட்டிருந்த கொஞ்ச இடத்தில் மோரியோ ஆடிக்கொண்டிருந்தான். இத்தனை வருடமும் அவன் மோதலைக் கேட்டது லாரியின் மேலிருந்து, தன் குரலையும் தன் ஒலிபெருக்கியையும் மட்டும். நடுவில் நின்று கேட்டதே இல்லை. கனமான அடி ஒரு காதில், சடசடப்பு இன்னொரு காதில். இரண்டும் முட்டி, ஒன்றின் சந்தில் மற்றொன்று விழுந்து, இரண்டடி வைத்தது, இழுத்தது, ஒரு குதி குதித்தது.

மோரியோவின் கால் அந்தரத்தில் நின்றுவிட்டது.

நொண்டிக் குதிரை! அச்சு அசலாக அதேதான். தாளத்தை யாரும் உட்கார்ந்து உருவாக்கவில்லை. இந்த வீட்டில் பிறந்த ஒரு குழந்தை வருடாவருடம் இந்தக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து, இரண்டு தெருவையும் சேர்த்துக் கேட்டிருக்கிறது. வாசல்ல கெடந்துச்சு, எடுத்துக்கிட்டேன். படுபாவி ஜோக்கே அடிக்கவில்லை. நேரான பதில்தான் சொல்லியிருக்கிறான், ஒவ்வொரு தடவையும்.

அப்புறம் யோசிக்க என்ன இருக்கிறது? மோரியோ வீட்டைப் பார்த்துத் திரும்பி, வாயைத் திறந்தான்.

"செருப்ப மறந்துட்டேன், அதுக்குத்தான் வந்தேன், தங்க வரல, தங்க வரல…"

சுருதி எங்கேயோ போனது. தாளம் மட்டும் கச்சிதமாக உட்கார்ந்தது. தைச்சிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கண்கள் இரண்டும் முரசளவுக்கு விரிந்தன.

"அண்ணே! நிறுத்துங்க!" என்று அடித்துக்கொண்டே கத்தினான்.

"நீ நிறுத்துடா!" என்று கத்தினான் மோரியோ. "நிறுத்தித்தான் பாரேன்!"

அங்கேதான் விஷயம் இருந்தது. தைச்சியால் நிறுத்த முடியாது. கை நின்றால் அகரிதா தோற்றது. இரிபாருவாலும் நிறுத்த முடியாது. நின்றால் அவர்கள் தோற்றார்கள். கோமாளியின் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ள வேண்டும் என்று இரண்டு பக்கமும் மனமார விரும்பியது; கம்பைக் கீழே போடத்தான் ஒருவரும் தயாராக இல்லை. இரண்டு தெருவும் பல்லைக் கடித்துக்கொண்டு, வேர்த்து வழிய, ஒரு ராக் பாட்டுக்கு டிரம்ஸ் வாசித்தன. ஒலிபெருக்கிகளை மீறி மோரியோ கத்தினான். நரம்பு புடைத்தது, வெள்ளைப் பூச்சு உருகி வாய்க்குள் இறங்கியது.

பாட்டின் இரண்டாவது அடியில் அவன் குரல் கிழிந்தது. மூன்றாவது அடிக்குக் காற்றுதான் வந்தது. அப்போது இரிபாரு லாரியின் ஒலிபெருக்கியில் அந்த மூன்றாவது அடி எழுந்தது. மிசுஹோ. தந்தியை அவசரமாக இறக்கிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, ஒரு சொல் தடுமாறாமல் பாடினாள். அவள் மேளக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். யாரும் நிறுத்தவில்லை. அகரிதா லாரியில் இருந்த பையனுக்கு மேற்கொண்டு எதைப் பாடுவது என்று தெரியாமல், கடைசியில் அவனும், "தங்க வரல, தங்க வரல" என்று சேர்ந்துகொண்டான். கிளப்புக்கு வயது வரும் முன்பே பின்வாசல் வழியாக வந்தவன் போலிருக்கிறது. சுவர்மேல் உட்கார்ந்திருந்த கிழவிகள் கைகளை உயர்த்தி, மணிக்கட்டைத் திருப்பித் திருப்பி ஆட ஆரம்பித்தார்கள்.

பாட்டு முடிந்தபோது இரண்டு பக்கமும் ஒரே அடியில் நின்றன. யார் தோற்றது என்று தெரியவில்லை. யாரும் சுவரோரம் ஒதுங்கவில்லை. தோள்களை இடித்துக்கொண்டு, முறைத்துக்கொண்டு, ஒருவர் ஊடே ஒருவர் கடந்து போனார்கள்.

"அண்ணே," என்று தைச்சி பக்கத்தில் வந்து நின்றான். மூச்சு வாங்கியது. "நாளைக்குக் கூட்டம் போடறேன். பாத்துக்கிறேன் உங்கள."

"போடு. வர்றேன்."

"அந்த இழுக்குற எடத்துல நான் சரியா அடிச்சனா?"

"அடிச்ச."

தைச்சி முகத்தை மாற்றாமல் வரிசைக்குத் திரும்பினான்.

லாரியிலிருந்து இறங்கிவிட்டிருந்த மிசுஹோ வாசலில் ஒரு தகரத் தொட்டியில், போகிறவனின் வழிச்செலவுக்கான பணக் காகிதங்களை எரித்துக்கொண்டிருந்தாள். தொட்டிக்குப் பக்கத்தில் இரண்டு கரும்புக் கழிகள் சாய்ந்திருந்தன. அவற்றுக்கு அருகில் சோஷினின் பழைய ரப்பர் செருப்பு. மோரியோ எதிரே குந்தி உட்கார்ந்தான். முகத்தில் பாதி வெள்ளை, பாதி அவன்.

"கேட்டதுக்கு இன்னும் பதில் வரல," என்றான். தொண்டையில் சத்தமே இல்லை. ஜோக் ஒன்று வருமா என்று ஒரு கணம் காத்திருந்தான், வரவில்லை. "நான் அதப் பாடலாமா, கூடாதா?"

மிசுஹோ கடைசிக் காகிதத்தையும் நெருப்பில் வைத்துவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"கூடாது," என்றாள். "ஏன்னா நான் பாடறதா இருந்தேன். உங்க கூட்டத்தத் தோக்கடிச்சுட்டு, என் வாசல்ல, என் புருஷனுக்கு, என் மைக்ல. அவரு போனதுலேர்ந்து கதவச் சாத்திக்கிட்டு அதத்தான் பழகறேன். அந்தப் பாட்டோட சுருதிக்கு இல்லாம, சன்ஷின வேற எதுக்கு எறக்கி வெச்சிருந்தேன்னு நெனச்ச? நீ வந்து முந்திக்கிட்ட. உனக்குச் சுருதியே நிக்கல, மோரியோ, காது கூசுது. அடுத்த வருஷம் நான்தான் பாடுவேன், யாரு தடுத்தாலும். நீ இதே வேஷத்தக் கட்டிக்கிட்டு வந்து நடுவுல நில்லு."